காப்பு நாடாவும் அதன் சோதனையும்



பள்ளிக்கூடத்தில் 35 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவன் கணிப்பொறியின் நாடா இயக்கியைப் பற்றிப் பேச வருவது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பொறியியல் நான் பயின்ற துறையன்று. ஆயினும், நான்கு ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குறிப்பேட்டில், ‘படி எடுக்கப்பட்டது’ என்ற சொற்களுக்கு எதிரே கையொப்பம் இட்டு வந்தவன் நான். அந்தக் கையொப்பத்துக்குப் பொருளே இல்லை என்பது 2008ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் வெளிப்பட்டது. அதன் பின்னரே இப்பொருளைக் கற்கத் தொடங்கினேன்.

நடந்ததை முதலில் கூறிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியை நடத்திய நிர்வாகத்துக்கு வேறு நான்கு பள்ளிகளும் உண்டு. ஐந்து பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் 2002 முதல் 2006 வரை, ஒன்றன்பின் ஒன்றாகக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். மாணவனின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த நாள், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள் ஆகியவை அதில் அடங்கும். ‘ஏற்றியாகிவிட்டதே, இனி இவை எதற்கு?’ என்று பழைய பதிவேடுகளைச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில் அடுக்கினார்கள். அங்கே கறையான் தன் வேலையைச் செய்தது. கணிப்பொறியில் உள்ளவற்றை வாரந்தோறும் நாடாவில் படி எடுத்து வைக்கும் ஏற்பாடு இருந்தது. அதை மேற்பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஆறு நாடாக்கள் முறைவைத்துச் சுழன்றன. எழுத்தர் மாலையில் ஒன்றைச் செருகுவார். பச்சை விளக்கு ஒளிரும். காலையில் நாடா வெளியே வந்திருக்கும். நான் கையொப்பம் இடுவேன். சில மாதங்களாக மஞ்சள் விளக்கு ஒன்றும் கூடவே கண்சிமிட்டியது. வேலைதான் நடக்கிறதே என்று அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

இடி விழுந்த இரவில் கணிப்பொறியும் நாடா இயக்கியும் சேர்ந்து கருகின. புதிய இயக்கி வாங்கினோம். ஆறு நாடாக்களில் ஒன்றையேனும் அது படிக்கவில்லை.

நகரத்திலிருந்து வந்த பொறியாளர் பொறுமைசாலி. அவர் முதலில் ஒரு புத்தம்புதிய நாடாவில் எழுதிப் படித்துப் பார்த்தார். புதிய இயக்கியில் குறையில்லை. அடுத்து, ‘பழைய நாடா வேறு ஏதாவது உண்டா?’ என்று கேட்டார். மேசை அறையில் 2003இல் எடுத்து மறந்துபோன நாடா ஒன்று கிடந்தது. அதைப் புதிய இயக்கி தடையின்றிப் படித்தது. ஆறு நாடாக்களும் ஒரே வேளையில் கெட்டுப்போக வழியில்லை. ஆகவே கெட்டது நாடா அன்று. அவற்றில் எழுதிய பழைய இயக்கியே சிறிது சிறிதாக நெறி தவறியிருக்கிறது என்று அவர் முடிவு கூறினார். நான் திடுக்கிட்டேன். நான்கு ஆண்டுகளாக அது நாள் தவறாமல் எழுதிக்கொண்டு அல்லவா இருந்தது?

இதை விளக்க எனக்குப் பள்ளி உவமையே உதவுகிறது. கையெழுத்து நாளுக்கு நாள் சிதைந்துவரும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் எழுதியதை அவனையே படிக்கச் சொன்னால் படித்துவிடுவான். பக்கத்து மாணவனிடம் கொடுத்தால்தான் குட்டு உடையும். எங்கள் இயக்கி டி.டி.எஸ். வகையைச் சேர்ந்தது; 4 மில்லிமீட்டர் அகல நாடாவில் எழுதுவது. அதில் எழுதும் தலை, சாய்வாகச் சுழலும் உருளை ஒன்றில் பதிந்திருக்கும்; நாடாவின் மீது சரிந்த கோடுகளாக எழுதிக்கொண்டே போகும். நாடாவை உரிய உயரத்தில் தாங்கும் வழிகாட்டிகள் தேய்ந்தோ நகர்ந்தோ விட்டால் கோடுகளின் இடமும் மாறும். எழுதிய இயக்கிக்கு அது தெரியாது. அதன் கண்ணும் அதே கோணலில்தான் இருக்கிறது. நேரான இயக்கியில் இட்டவுடன் கோடுகள் அகப்படமாட்டா.

இப்போது வழங்கும் எல்.டி.ஓ. நாடாக்களில் இக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. 2000இல் முதல் தலைமுறை வெளிவந்தபோது ஒரு நாடா 100 கிகாபைட் கொண்டது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்வது. அரை அங்குல அகலமே உள்ள நாடாவில் 8960 தடங்கள். நாடாவின் நீளம் 1035 மீட்டர். தொழிற்சாலையிலேயே நாடாவில் வழிகாட்டிக் குறிகளைப் பதித்துவிடுகிறார்கள். தலை அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மேலும், எழுதும் தலையைத் தொடர்ந்தே படிக்கும் தலை வருகிறது. எழுதியது சரியில்லையென்றால் அப்பகுதியை நாடாவில் சற்றுத் தள்ளி மறுபடியும் எழுதிவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தலை அழுக்கடைந்தால், இயக்கி திரும்பத் திரும்ப எழுதியே காலம் கழிக்கும். வெளியே ‘வெற்றி’ என்றுதான் சொல்லும். வேகம் குறைவதும், நாடா தன் கொள்ளளவை எட்டும் முன்பே நிரம்பிவிட்டதாகச் சொல்வதுமே நமக்குக் கிடைக்கும் அறிகுறிகள்.

இவ்வளவு தொல்லைக்கு நாடாவே வேண்டாமே என்று கேட்பீர்கள். 2011 பிப்ரவரி இறுதியில் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயிலில் நிகழ்ந்ததை இதற்கு விடையாகச் சொல்லலாம். மென்பொருளைப் புதுப்பிக்கையில் நேர்ந்த பிழையால், பயன்படுத்துவோருள் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த படிகளையும் அப்பிழை விட்டுவைக்கவில்லை. பொறியோடு பிணைக்கப்படாமல் தனித்திருந்த நாடாக்கள் மட்டும் தப்பின. அவற்றிலிருந்தே அஞ்சல்களை மீட்டார்கள். பேழையில் உறங்கும் நாடாவைக் கம்பி வழியே வரும் எந்தத் தீங்கும் அணுகாது. கணிப்பொறிகளை முடக்கிப் பணம் பறிக்கும் கூட்டத்தார் பெருகிவிட்ட இந்நாளில் இஃது ஒன்றே நாடாவை விடாமல் வைத்திருக்கப் போதிய காரணம்.

இனி, இயக்கி முரண்டு பிடித்தால் என்ன செய்வது? ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாடா, இயக்கி, இணைக்கும் கம்பி, கணிப்பொறி என நான்கு சாட்சிகள் இருக்கின்றன. எல்லாரையும் ஒன்றாகக் கூண்டில் ஏற்றினால் உண்மை வராது. கணிப்பொறிக்கு இயக்கி கண்ணில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். லினக்ஸ் பொறியில் ‘எம்.டி.’ என்னும் கட்டளையால் நிலையைக் கேட்டால் விடை கிடைக்கும். விடையே வராவிட்டால் நாடாவைக் குறைகூறிப் பயனில்லை. கம்பியையும் இணைப்பையும் பார்க்க வேண்டும். பழைய ஸ்கசி வகை இயக்கிகளில், கம்பித் தொடரின் முனையில் பொருத்த வேண்டிய முடிப்பான் கழன்றிருப்பதோ, இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இட்டிருப்பதோ அடிக்கடி நேர்ந்த பிழைகள்.

இயக்கி தெரிகிறது, படிக்கத்தான் மறுக்கிறது என்றால், ஐயத்துக்குரிய நாடாவை நல்ல இயக்கியிலும், நல்ல நாடாவை ஐயத்துக்குரிய இயக்கியிலும் இட்டுப் பாருங்கள். பிழை நாடாவோடு போகிறதா, இயக்கியோடு நிற்கிறதா என்பது தெளிந்துவிடும். எங்கள் பொறியாளர் செய்தது இதுவே. நல்ல நாடா என்று சோதனைக்கு எடுப்பதில் மட்டும் விழிப்பாக இருங்கள். பழுதான இயக்கி நாடாவைக் கடித்துக் குதறுவதும் உண்டு; ஒப்பற்ற செய்தி உள்ள நாடாவை அதற்கு இரையாக்கலாகாது. கீழே விழுந்த நாடாப் பெட்டியையும் அப்படியே செருகாதீர்கள். அதன் வாயருகே நாடாவின் நுனியைப் பிடித்திருக்கும் சிறு ஊசி இடம் பெயர்ந்திருந்தால், இயக்கியால் நாடாவைக் கோத்து இழுக்க முடியாது.

அந்த மஞ்சள் விளக்குக்கு வருகிறேன். அது துப்புரவு வேண்டும் வேண்டுகோள். ஐ.பி.எம். இயக்கிகளின் சிறு முகப்பில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்துத் தோன்றினாலும் இதுவே பொருள். துப்புரவு நாடா என்று தனியே விற்கிறார்கள், எல்.டி.ஓ. இயக்கிக்குரிய ஒன்றை ஏறத்தாழ 50 முறை பயன்படுத்தலாம். காலம் முடிந்த பின்னும் அதையே செருகிவிட்டுத் துப்புரவு செய்ததாக எண்ணிக்கொள்வோர் உண்டு. நாளும் துலக்குவதும் தவறே. துப்புரவு நாடா தலையைத் தேய்ப்பதால், இயக்கி கேட்கும்போது மட்டும் கொடுத்தால் போதும். பஞ்சும் சாராயமும் கொண்டு இத்தலையைத் துடைக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

அஞ்சத் தேவையில்லாத குறிகளும் உண்டு. ஒன்பதாம் தலைமுறை நாடாவை முதன்முறை செருகும்போது, இயக்கி அதை அளந்து தன்னைப் பொருத்திக்கொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளக்கூடும். இயக்கி நின்றுவிட்டது என்று மின்சாரத்தைத் துண்டிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல, ஓடுவதும் நிற்பதும் பின்னே சுருள்வதுமாக ஓயாமல் ஒலி வந்தால் இயக்கி பழுது என்று கொள்ள வேண்டியதில்லை. கணிப்பொறி போதிய வேகத்தில் செய்தியை ஊட்டவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். சின்னஞ்சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் இருந்தால் இப்படி ஆகும். ஆனால் அதை அப்படியே விட்டால் நாடாவும் தலையும் தேயும். கோப்புகளை ஒரே மூட்டையாக வட்டில் கட்டிவிட்டுப் பிறகு நாடாவுக்கு அனுப்பினால் ஒலி அடங்கிவிடும்.

வேகத்தைச் சோதிக்கும்போது ஏமாறும் வழி ஒன்றும் இருக்கிறது. வெறும் சுழியங்களை எழுதிச் சோதிப்பார்கள். இயக்கி செய்தியைச் சுருக்கி எழுதும் இயல்புடையது. சுழியங்களைச் சுருக்கினால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. விற்பவன் சொன்னதைக் காட்டிலும் பன்மடங்கு வேகம் வந்ததாக மகிழ்ந்து போவோம். சுருக்க இயலாத, ஒழுங்கற்ற எண்களைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

இவையெல்லாம் இயக்கியின் நலம் அறியும் வழிகள். படியின் நலம் அறிய வழி ஒன்றுதான்: அதை மீட்டுப் பார்த்தல். வகுப்பில், ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது ஐயா’ என்று ஐம்பது குரல் எழும். ஒருவனை எழுப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும் என்று ஆசிரியர் பயிற்சியின் முதல் ஆண்டிலேயே எனக்குக் கற்பித்தார்கள். ஆயிரம் பிள்ளைகளிடம் அதைக் கடைப்பிடித்த நான், பச்சை விளக்கிடம் மட்டும் கேட்க மறந்தேன்.

மீட்கும் சோதனையை எழுதிய இயக்கியிலேயே செய்து நிறைவடையாதீர்கள். முடிந்தால் வேறோர் இயக்கியில், வேறொரு கணிப்பொறியில், தனியான ஓர் இடத்தில் மீளுங்கள். மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால் சோதனையே கேடாகும். மீண்ட கோப்பின் பெயரைப் பார்த்தால் போதாது. அதைத் திறக்க வேண்டும். மூலத்தின் கூட்டுச் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடவும் வேண்டும். மறைகுறியிட்டு எழுதிய நாடாவாயின், அதன் திறவுகோல் எரிந்துபோன கணிப்பொறிக்குள்ளேயே இருந்ததா என்பதும் அப்போது தெரிந்துவிடும். இயக்கியை மாற்றும் நாளையும் முன்னரே எண்ண வேண்டும். ஏழாம் தலைமுறை வரை எல்.டி.ஓ. இயக்கிகள் தமக்கு முந்திய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தன. எட்டாவதும் ஒன்பதாவதும் ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கும். ஐந்தாம் தலைமுறை நாடாவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒன்பதாம் தலைமுறை இயக்கியை வாங்குபவர், பூட்டை வைத்துக்கொண்டு சாவியை விற்றவரே.

எங்கள் கதையில் மீந்தது இதுதான். 2003 வரை ஏற்றியிருந்த பதிவேடுகள் அந்த மறந்துபோன நாடாவிலிருந்து திரும்பின. ஆறு நாடாக்களையும் நுட்பக் கருவிகளால் படித்துத் தர முடியும் என்று ஓரிடத்தில் கூறினர். அவர்கள் கேட்ட தொகை நிர்வாகத்தின் சக்திக்கு மேற்பட்டதாக இருந்தது. கறையான் விட்டுவைத்த பதிவேடுகளைக் கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுவதும் நானும் மூன்று ஆசிரியர்களும் மறுபடி எழுதினோம். ஒரு பள்ளியின் 1971 முதல் 1974 வரையிலான பதிவேடு கிடைக்கவேயில்லை. அப்பள்ளியில் படித்த அம்மையார் ஒருவர், ஓய்வூதியத்துக்காகப் பிறந்த நாள் சான்று கேட்டு அடுத்த ஆண்டு வந்தார். ‘இங்கேதான் படித்தேன், ஐயா, கணிப்பொறியில் ஏற்றினார்கள் என்று சொன்னார்களே’ என்றார். நான் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நீதிமன்றம் சென்று உறுதிப்படுத்தும் வழியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வேறு கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அவ்வலுவலகத்தின் குறிப்பேட்டில் இப்போது ஒரு பத்தி கூடுதலாக இருக்கிறது. ‘மீட்டுத் திறந்து பார்த்த கோப்பின் பெயர்’ என்பது அதன் தலைப்பு. ஓய்வு பெற்ற பின் ஒரு முறை அவ்வழியே சென்றேன். புதிய எழுத்தர் இளம்பெண். என்னை இன்னார் என்று அறியமாட்டார். ‘ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுங்கள், ஐயா’ என்றார். என்னிடம் படித்த ஒருவனின் பெயரைச் சொன்னேன். சென்ற மாதத்து நாடாவை எடுத்துச் செருகினார். சிறிது நேரத்தில் அவன் பெயரும் அவன் தந்தையின் பெயரும் திரையில் வந்தன.