உஷார்! அந்தப் பறவை உங்களுக்குப் போஸ் கொடுக்கவில்லை

கத்திரி வெயில் தொடங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. 600 எம்.எம். லென்ஸ் இப்போது வாடகைக்கே கிடைக்கிறது. ஆகவே இந்த மே மாதமும் உங்கள் செல்போனுக்கு அந்தப் படம் தவறாமல் வந்து சேரும். முள்கம்பி மேல் ஒரு பச்சைப் பஞ்சுருட்டான், அதன் அலகில் ஒரு தட்டான், பின்னணி முழுக்க மங்கலான பச்சை. கீழே வரிசையாக ‘சூப்பர் சார்’. படம் எடுத்தவர், ‘பத்து நிமிஷம் அசையாம போஸ் குடுத்துச்சு’ என்று பெருமையாக எழுதியிருப்பார்.

ஐயா, அது போஸ் இல்லை! பக்கத்து மண்மேட்டு வளைக்குள் அதன் குஞ்சுகள் பசியோடு காத்திருக்கலாம். நீங்கள் எதிரே நிற்பதால் இரையைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாமல் அது கம்பியிலேயே தவிக்கிறது.

இது என் கற்பனை இல்லை. புனேயைச் சேர்ந்த மிலிந்த் வாட்வே என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் இதே பச்சைப் பஞ்சுருட்டானை வைத்து ஓர் ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டார்கள். பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்பதை மட்டும் அந்தப் பறவை பார்ப்பதில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து வளை கண்ணில் படுமா என்பதையும் கணக்கில் எடுக்கிறது. படும் என்றால் வளைக்குள் போகத் தயங்குகிறது. ஆகவே வளையின் வாய் உங்களுக்குத் தெரிகிறதென்றால், வெளிச்சம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் நீங்கள் நிற்கும் இடம் தப்பு. இரையோடு ஒரு பறவை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் கேமராவை இறக்கிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வெயில் சேரும்போது விஷயம் இன்னும் மோசம். கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் வைக்கிற சூடு ஏறக்குறைய 37.5 டிகிரி. அதற்குமேல் சில டிகிரி ஏறி நீடித்தாலே கரு பிழைக்காது. மே மாதத்தில் வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் காற்றின் வெப்பமே 40-ஐத் தாண்டுகிறது. நேர்வெயில் விழும் சரளைத் தரை அதைவிடவும் கொதிக்கும். அந்தத் தரையில்தான் ஆள்காட்டி முட்டையிடுகிறது. கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது; ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் நாலு கூழாங்கல், அவ்வளவுதான். கோடைப் பகலில் அது முட்டை மேல் நிற்பதும் உட்காருவதும் நிழல் கொடுக்கத்தான். பக்கத்துக் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். கண்கொள்ளாக் காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அங்கே ட்ரைபாடை ஊன்றியதும் அது எழுந்து உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றுகிறது. அதையும் நல்ல ‘ஃப்ளைட் ஷாட்’ என்று தட்டித் தள்ளுகிறீர்கள். கீழே முட்டை வெந்துகொண்டிருக்கிறது. மார்கழி மாதத்துக் காலையில் பத்து நிமிடம் தாங்கலாம். மே மாத நண்பகலில் தாங்காது.

இன்னொரு கொடுமை, கிளை ஒதுக்குவது. கொண்டைக்குருவிக் கூடு ‘க்ளீனாக’த் தெரியவில்லையாம், நாலு இலையை ஒடித்துவிடுகிறார்கள். ரொம்ப நல்லவர்கள் ஒடிக்காமல் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, அவிழ்க்காமல் போகிறார்கள். அந்த இலைதான் கூட்டுக்குக் கூரை. அது போனால் இறகு முளைக்காத குஞ்சின் மேல் நேர்வெயில். காகத்துக்கும் செண்பகத்துக்கும் வழி திறந்தாயிற்று. வெக்கையில் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும் குஞ்சைப் படமெடுத்து, ‘அம்மா, பசிக்குது’ என்று தலைப்பு வேறு போடுகிறார்கள்!

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1972-ன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டைக் கணக்கில்தான் வரும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று இருந்துவிடாதீர்கள். கூட்டுப் படங்களை இந்தியாவில் பல வனவுயிர்ப் புகைப்படப் போட்டிகள் ஏற்பதுமில்லை. சிறையும் அபராதமும் வரக்கூடிய ஆபத்தில், பரிசுக்கும் உதவாத படம் எதற்கு?

வற்றிய ஏரிக்குள் பைக்கோடு இறங்குபவர்களும் கவனிக்க வேண்டும். நடுவில் மிஞ்சிய தண்ணீரில் நாரைகளும் கூழைக்கடாக்களும் குவிந்திருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பார்வை தூரத்து நாரை மேல் இருக்கும்போது சக்கரம் பவளக்கால் உள்ளானின் முட்டை மேல் ஏறிவிடும். மண்ணும் முட்டையும் ஒரே நிறம். தவிர, மேலே வெடித்துக் காய்ந்து தெரிகிற வண்டல் அடியில் குழம்பாக இருக்கும். முழங்கால் வரை புதைந்த பிறகு லென்ஸைக் காப்பாற்றுவதா, காலைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி வரும். கரையிலேயே நில்லுங்கள்.

காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஆபத்து நேரடியானது. 2024 மே மாதம் பாலக்காடு பகுதியில் காட்டு யானைகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். கேமராவே தொழிலானவருக்கு அந்தக் கதி. கோடையில் குட்டையும் ஓடையும் வற்றியதும் யானைக்கூட்டம் குட்டிகளோடு தண்ணீர் தேடி நடக்கிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அந்த நடை பல இடங்களில் ரோட்டைத் தாண்டித்தான். செல்போன் கேமரா செய்கிற துரோகம் ஒன்று உண்டு: அகலக்கோண லென்ஸ் என்பதால் திரையில் யானை தள்ளி நிற்பதுபோலத் தெரியும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நாம் முன்னால் போவோம். திரையை நம்பாதீர்கள், வெறும் கண்ணால் பாருங்கள், வண்டியிலிருந்து இறங்கவே இறங்காதீர்கள். கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் தெருவுக்கே வருகிற காட்டுமாட்டை ‘சாதுவா மேயுதே’ என்று நெருங்குவதும் இதே ரகம்தான். காட்டுத்தீ பயத்தில் வனத்துறை வழியை மூடியிருந்தால் குறுக்குவழி தேடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியுமா?

உங்கள் உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காலை எட்டரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அதற்குமேல் தரையிலிருந்து கிளம்பும் கானலில் எத்தனை லட்ச ரூபாய் லென்ஸும் கூர்மையான படம் தராது, வெயிலில் காய்வதுதான் மிச்சம். உடன் வந்தவர் தலை சுற்றுகிறது என்று சொல்லி, பேச்சும் குழறத் தொடங்கினால் ‘இன்னும் ரெண்டு ஷாட்’ என்று இழுக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோங்கள், உடம்பை ஈரத்துணியால் நனையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, படத்தைப் பகிரும் விஷயம். ஒருவர் நின்ற இடத்தில் மறுநாள் இருபது பேர் நின்றால் எந்தக் கூடும் பிழைக்காது. லொகேஷன் போட்டு வைத்திருந்தால் செல்போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். தரம் குறையக் கூடாதென்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் கூடவே போய்ச் சேரும். அதனால் கேமராவின் லொகேஷனை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். அரிய பறவைகள் சிலவற்றின் இடத்தை ‘ஈ-பேர்ட்’ தளமே பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவைக்கிறது. நீங்களும் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘எங்க சார் இது?’ என்று நச்சரிப்பார்கள். குஞ்சு பறந்து போனதும் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.