நிதி திரட்டும் நிகழ்வும் நிலைக்க வேண்டிய நம்பிக்கையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நிதி திரட்டும் நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. பாடசாலைக்கு ஒரு கட்டடம், வைத்தியசாலைக்கு ஒரு கருவி, வெள்ளத்தில் வீடிழந்தோருக்கு ஒரு கூரை என ஏதேனுமொரு தேவையை முன்னிட்டு நடைபவனிகளும் இசை நிகழ்ச்சிகளும் விருந்துகளும் நடைபெற்ற வண்ணமே உள்ளன. மண்டபம் நிறைந்தது, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, உரைகள் ஆற்றப்பட்டன என்ற செய்தி மறுநாள் வெளிவருகின்றது. எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவாயிற்று, மிகுதி எவரிடம் கையளிக்கப்பட்டது என்ற செய்தியோ பெரும்பாலும் வெளிவருவதில்லை. கொடுத்தவர் அடுத்த முறை கையைச் சுருக்கிக் கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கூட்டத்தின் அளவு வெற்றியின் அளவுகோலாகாது. பத்து இலட்சம் ரூபா திரட்டிய நிகழ்வுக்கு மேடை, ஒலி, ஒளி, உணவு, விளம்பரம் என ஏழு இலட்சம் செலவாகியிருப்பின், நோயாளிக்குக் கிடைத்தது மூன்று இலட்சம் மாத்திரமே. செலவினங்களுக்குரிய அனுசரணையை வர்த்தகர்களிடம் முற்கூட்டியே பெற்றுக் கொண்டு, பொதுமக்கள் தரும் பணத்தை முழுமையாக நோக்கத்துக்கே ஒதுக்குவது இதற்குரிய எளிய வழியாகும்.

நமது நாட்டிலேயே இதற்குப் பாடங்கள் உண்டு. யுத்தம் முடிவடைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘ட்ரெயில்’ என்ற நடைபவனி தெற்கே தெய்வேந்திர முனையில் ஆரம்பித்து வடக்கே பருத்தித்துறையில் நிறைவுற்றது. 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம் நடந்தவர்களின் நோக்கம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றை அமைப்பதாகும். 2016ஆம் ஆண்டு அதே நடை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டிய புற்றுநோய் வைத்தியசாலைக்காக இடம்பெற்றது. தெற்கு வடக்குக்காகவும் வடக்கு தெற்குக்காகவும் நடந்தது என்பது பணத்தின் பெறுமதிக்கும் அப்பாற்பட்டதாகும்.

அதே 2016ஆம் ஆண்டில், புற்றுநோயால் தன் மகனை இழந்த முஸ்லிம் தந்தை ஒருவரின் முன்முயற்சியால் கதீஜா பவுண்டேஷன், மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ‘பெட்’ ஸ்கேன் கருவி ஒன்றை வழங்க 20 கோடி ரூபாவை இலக்காகக் கொண்டு மக்களிடம் சென்றது. இனம், மதம் பாராது மக்கள் அள்ளிக் கொடுத்ததால் சில மாதங்களிலேயே இலக்கு எட்டப்பட்டது. ஒரே தேவை, ஒரே தொகை, ஒரே வைத்தியசாலை என்ற தெளிவே அந்த வெற்றியின் அடிப்படை. எனினும், பணம் சேர்ந்த வேகத்தில் கருவி வந்து சேரவில்லை. அரச கொள்வனவு நடைமுறைகளில் காலம் கடந்தது. எனவே, கருவி எப்போது, எவர் மூலம் கொள்வனவு செய்யப்படும், அதனை இயக்குவதற்கு ஆளணி உண்டா என்பவற்றைப் பெறுநருடன் எழுத்தில் உடன்பட்ட பின்னரே உண்டியலைத் திறக்க வேண்டும்.

உலகப் புகழ்பெற்றவர்களும் இதில் தடுமாறியுள்ளனர். 1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி, பண்டிட் ரவிசங்கரும் ஜோர்ஜ் ஹரிசனும் பங்களாதேஷ் அகதிகளுக்காக நியூயோர்க்கில் நடத்திய இசை நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டு வருமானம் விரைவில் யுனிசெப் நிறுவனத்தைச் சென்றடைந்தது. ஆனால், அதன் இசைத்தட்டுகளால் கிடைத்த பெருந்தொகையோ வரிவிலக்கு முற்கூட்டியே பெறப்படாமையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நுழைவுச்சீட்டு விற்போர் உள்ளூராட்சி சபையிடம் கேளிக்கை வரி தொடர்பாகவும், பொலிஸாரிடம் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகவும் முதலிலேயே விசாரித்துக் கொள்ள வேண்டியதன் அவசியத்தை இது உணர்த்துகின்றது.

வாவிக் கரைக்கெனத் தனிக் கவனத்துக்குரிய விடயங்களும் உள. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்றின் வெப்பம். திறந்தவெளி நிகழ்வுக்கு மழையற்ற மாதமும், நடைபவனிக்கு விடியற்காலையும் உகந்தவை. ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருவதனால், கடந்த ஆண்டின் நாட்காட்டியை நம்பி நாள் குறிக்கலாகாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளை, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள், பொதுப் பரீட்சைகள் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

இரு சமூகத்தவரையும் அழைப்பதாயின், இரு சமூகத்தவரும் மனச்சங்கடமின்றி வரக்கூடியதாக அந்நிகழ்வு அமைதல் வேண்டும். மரக்கறி உணவு எவருக்கும் தடையாகாது. அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்பதால் அதற்குப் பதிலாகக் கைவினைப் பொருள் விற்பனையை ஏற்பாடு செய்யலாம். வட்டி பற்றிய தயக்கம் எழாதிருக்க, நன்கொடைகளை வட்டியில்லா நடைமுறைக் கணக்கில் இடலாம். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைத் திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்து 60ஆம் வசனம் வரையறுத்துள்ளமையால், அப்பணத்தை வைத்தியசாலைக் கருவிக்குப் பயன்படுத்தலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டறிவது கடமையாகும். பொதுத் தேவைக்கு ஸதக்காவாகக் கேட்பதே குழப்பமற்ற வழி.

எல்லாவற்றுக்கும் மேலானது கணக்கு. ஒவ்வொரு நன்கொடைக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, இரு சமூகத்தையும் சேர்ந்தோர் கூட்டாகக் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, நிகழ்வு முடிந்து 30 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. அவ்வறிக்கை பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் ஆலய முன்றலிலும் ஒரே நாளில் ஒட்டப்படுமாயின், ஐயத்துக்கு இடமிராது.

1990இன் கசப்புகளையும், 2004இன் ஆழிப்பேரலையையும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரான சந்தேகங்களையும் கடந்து வந்த மண் இது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் விடுதிகளில் ஏறாவூரும் களுவாஞ்சிக்குடியும், காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்த கட்டில்களிலேயே படுத்திருக்கின்றன. அவர்களுக்காகத் திரட்டப்படும் பணத்தின் கணக்கும் ஒன்றாகவே எழுதப்படட்டும். இவ்விரு சமூகங்களும் ஒன்றையொன்று நம்புவதற்கு, ஒளிவுமறைவற்ற ஒரு கணக்குப் புத்தகம் பல மேடைப் பேச்சுகளை விடவும் துணை புரியும்.