சூட்டைக் கொண்டே குளிர்ச்சி

தோஹா தொழில்பேட்டையை நம் ஆட்கள் சனையா என்பார்கள். இங்கே தெருக்களுக்கு எண்கள்தான் அடையாளம். ஜூலையில் கேரேஜ்களையும் இரும்புப் பட்டறைகளையும் தாண்டி நடந்தால், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் மாடிகளில் தண்ணீர்த் தொட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். கீசரை அணைத்துவிட்டு, அறைக்குள் இருக்கும் அதன் நீரில் குளிப்பது வளைகுடாவில் பழகிப்போன உத்தி.

குழாய்நீரில் இருப்பது வெயில் தந்த சூடு. தரைக்குக் கீழே பத்துப் பதினைந்து மீட்டரில் கோடையும் குளிர்காலமும் ஒன்றாகிவிடும். அதற்கும் கீழே இருப்பது பூமியின் சொந்தச் சூடு. பூமி உருவானபோது தங்கிய வெப்பமும், பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் பிறக்கும் வெப்பமும் சேர்ந்தது அது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி, எரிமலையே இல்லாத கத்தாரிலும் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 90 டிகிரியை எதிர்பார்க்கலாம்.

அண்டை நாடான அமீரகத்தில் இந்தச் சூடு தானாகவே மேலே வருகிறது. ராஸ் அல் கைமாவின் கட் பகுதியிலும், அல் ஐனில் ஜபல் ஹஃபீத் மலையடிவாரத்திலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அபுதாபியின் மஸ்தார் நகரிலோ கிணறு தோண்டி எடுக்கிறார்கள். எண்ணெய் நிறுவனமான அட்நாக்கும் குளிரூட்டல் நிறுவனமான தப்ரீதும் 2023-இல் அறிவித்த திட்டம் அது. 90 டிகிரிக்கு மேல் சூடான நீர், நொடிக்குச் சுமார் 100 லிட்டர். நகரின் குளிரூட்டல் தேவையில் பத்து சதவீதத்தை ஈடுகட்டுவது அதன் இலக்கு.

வெந்நீர் எப்படிக் குளிரைத் தரும்? காற்றை ஏறக்குறைய முழுவதும் வெளியேற்றிய கலத்தில் தண்ணீர் 5 டிகிரி அளவிலேயே ஆவியாகிவிடும். வியர்வை காயும்போது உடல் குளிர்வதுபோல, அந்த ஆவியாதல் பக்கத்துக் குழாயில் ஓடும் நீரைக் குளிர்விக்கும். எழும் ஆவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். நீர்த்துப்போன கரைசலை நிலத்தடி வெந்நீர் சூடாக்க, ஆவி பிரிந்து மறுபடி தண்ணீராகிச் சுற்றுக்குத் திரும்பும். சாதாரண ஏசியில் கம்ப்ரசர் மின்சாரத்தைத் தின்று செய்யும் வேலை இது. இந்த முறையில் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் மட்டுமே மின்சாரம் தேவை.

தடைகளும் உண்டு. ஆழ்கிணறு தோண்டப் பெரும் பணம் வேண்டும். ஆழத்து நீர் உப்பானதால் குழாய்களை அரிக்கும். நீரோட்டத்துக்கு வழிவிடும் பாறையும் அமைய வேண்டும். ஆனால் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தோண்டித் தோண்டிப் பழகிய கத்தாரிடம் கருவிகளும் அனுபவமும் நிறையவே இருக்கின்றன.

இந்தக் குளிர்ச்சி முதலில் தேவைப்படுவது வெயிலில் உழைப்பவர்களுக்கு. 2021 முதல் கத்தாரில் ஜூன் 1-இலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. உடல் மீள்வதற்கு இரவுத் தூக்கமும் குளிர்ச்சியாக அமைய வேண்டும். நிலத்தடிச் சூட்டால் குளிரூட்டும் வழியில் கத்தாரும் இறங்கினால், முதல் இணைப்பு சனையாவின் கேம்ப் அறைகளுக்கே போக வேண்டும்.