பெட்டிக்குள் பந்து, பந்துக்குள் புதிர்! தெரியுமா?

பவனா ஆறு முளாவோடு கலக்கும் புனேயின் தாபோடிக்குப் போனால் ராணுவப் பொறியியல் கல்லூரியைப் பார்க்கலாம். பட்டாளத்தின் பொறியாளர்கள் பயிற்சி பெறும் இடம் அது. ஆனால் இதே மகாராஷ்டிராவில், சாளிஸ்காவ் பக்கத்துப் பாட்டண் கிராமத்தில், 800 ஆண்டுகளுக்கு முன்பே கணிதத்துக்கென்று ஒரு மடம் இருந்தது தெரியுமா? கணித மேதை பாஸ்கராச்சாரியாரின் நூல்களைச் சொல்லித்தர அவருடைய பேரன் சாங்கதேவர் நிறுவியது என்கிறது 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு!

தாத்தா அப்படி என்ன எழுதினார்? கோளத்தின் மேற்பரப்பு அதன் நடுவட்டப் பரப்பைப்போல் சரியாக நான்கு மடங்கு. அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு! 1150இல் லீலாவதி என்ற நூலில் இதைச் சொல்லிவிட்டார். கோளத்தை, நுனிகள் மையத்தில் கூடும் ஊசிக் கூம்புகளாக அவர் பிரித்துப் பார்த்த அழகுக்கு எத்தனை முறை கைதட்டினாலும் தகும்.

இப்போது ஒரு விந்தை. பக்கம் 6 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டி. அதற்குள் இடுக்கில்லாமல் பொருந்தும் பந்து. பெட்டியின் கன அளவு 216, மேற்பரப்பும் 216! பந்தின் கன அளவு சுமார் 113.1, மேற்பரப்பும் 113.1! எந்த அளவுப் பெட்டியானாலும் சரி, கன அளவிலும் மேற்பரப்பிலும் பந்துக்குக் கிடைப்பது அதே 52.36 சதவீதம்தான். சதுரத்துக்குள் வட்டமும் அப்படியே: பரப்பிலும் சுற்றளவிலும் 78.54 சதவீதம்!

வேதகால வேள்விச் சாலையின் தீக்குண்டங்களிலும் இதே சதுரமும் வட்டமும்தான். கார்ஹபத்தியம் வட்டம், ஆகவனீயம் சதுரம், தட்சிணாக்கினி அரைவட்டம். மூன்றுக்கும் ஒரே பரப்பு வேண்டும். மண், விண், இடைவெளி என மூன்று உலகங்கள் அல்லவா அவை! பரப்பு மாறாமல் சதுரத்தை வட்டமாக்கப் பண்டைக் கணிதர் போதாயனர் தந்த வழி: பாதி மூலைவிட்டம் பாதிப் பக்கத்தைவிட எவ்வளவு நீளமோ, அதில் மூன்றில் ஒரு பங்கைப் பாதிப் பக்கத்தோடு சேர், அதுவே ஆரம். பிழை வெறும் 1.7 சதவீதம்! கயிறும் முளைக்குச்சியும் மட்டும் வைத்துக்கொண்டு!

நம் தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரமும் சளைத்ததல்ல: அரைச்சுற்றை அரைவிட்டத்தால் பெருக்கு, வட்டத்தின் பரப்பு தயார்.

கிரேக்கத்தின் டெலோஸ் தீவிலோ கனசதுரப் பலிபீடத்தை இரட்டிப்பாக்கச் சொன்னதாம் தெய்வவாக்கு. பக்கத்தை இரட்டித்தால் பீடம் எட்டு மடங்காகிவிடும்! பக்கத்தை ஏறக்குறைய 1.26 மடங்கு நீட்டினால் போதும். ஆனால் அந்த நீளத்தை குறியில்லாத அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு துல்லியமாக வரையவே முடியாது என்று கணிதர் வான்ட்செல் நிறுவியது 1837இல். வட்டத்தைச் சதுரமாக்குவதும் அப்படியே முடியாதது என்பதற்குக் கணிதர் லிண்டமன் 1882இல் முத்திரை வைத்தார்!