ரெசிஸ்டன்ஸே இல்லாத ஒயரை எப்படி டெஸ்ட் செய்வது?

ஒரு ஒயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? கன்டினியூட்டி பார்ப்போம், மெக்கர் போடுவோம், ரெசிஸ்டன்ஸ் எடுப்போம், ஓ.கே. எழுதிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். ஆனால் ரெசிஸ்டன்ஸே பூஜ்யம் என்கிற ஒயரைக் கையில் கொடுத்தால்? நல்ல ஒயருக்கும் பூஜ்யம், நாளைக்குக் கருகப்போகிற ஒயருக்கும் பூஜ்யம்! செமினாருக்காக இதைத் துருவப் போய் எனக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது.

மீக்கடத்தியை (அதாங்க, சூப்பர் கண்டக்டர்) 1911-ல் ஹாலந்தில் காமர்லிங் ஓனஸ் கண்டுபிடித்தார். பாதரசத்தை 4.2 கெல்வின் வரை குளிர வைத்தால்தான் அது நடந்தது. 1987-ல் 90 கெல்வினுக்கு மேலேயே வேலை செய்யும் இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடு வந்த பிறகு 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும் என்றாகிவிட்டது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-ல் 1 கி.மீ. நீள மீக்கடத்தி கேபிள் ஒன்றை இயக்கினார்கள். 10 கிலோவோல்ட்டில் 40 மெகாவாட். ரூட் 3 போட்டுக் கணக்குப் பாருங்கள், 2,300 ஆம்பியர் வரும்!

ஒயர் என்று சொல்கிறோமே தவிர, இப்போதைய இட்ரியம் வகை ஒரு டேப்தான். அகலம் 4 மி.மீ. அடியில் 0.05 மி.மீ. நிக்கல் கலவைத் தகடு, மேலே சில இடைப்பூச்சுகள், அதன்மேல் ஒன்றிரண்டு மைக்ரான் மீக்கடத்தி, பிறகு வெள்ளி, செம்பு. மீக்கடத்தி அடுக்கு பீங்கான் ஜாதி. முறுக்கினால் விரிசல் விடும். விட்டாலும் வெளியே தெரியாது, செம்பு மூடியிருக்கும். சாதாரண வெப்பத்தில் மீட்டர் வைத்தால் அந்தச் செம்பின் ரெசிஸ்டன்ஸ்தான் வரும்.

ஆகவே அளக்க வேண்டியது ரெசிஸ்டன்ஸ் அல்ல, எத்தனை ஆம்பியர் வரை தாங்கும் என்பது. அதன் பெயர் கிரிட்டிக்கல் கரண்ட். நைட்ரஜனில் முக்கி, கரண்டை மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் தோன்றும் இடம்தான் எல்லை. கரண்ட் விட இரண்டு முனை, வோல்டேஜ் பார்க்க இரண்டு முனை, நம் லேபில் செய்யும் அதே நாலு முனை முறை.

இங்கேதான் ஏமாற்று வேலை ஒளிந்திருக்கிறது. 100 மீட்டர் டேப்புக்கு மொத்தம் 10 மில்லிவோல்ட் வரை அனுமதி. அந்த 10 மில்லிவோல்ட்டும் ஒரே ஒரு சென்டிமீட்டரில் விழுந்தால்? டேப் பாஸ்! ஆனால் அந்த இடத்தில் அனுமதித்த அளவைப்போல் 10,000 மடங்கு. 150 ஆம்பியரில் 1.5 வாட் சூடு. வோல்டேஜ் கரண்டின் 25-ஆம் அடுக்கு போல ஏறும் என்று வைத்துக்கொண்டால், கரண்ட் பத்து சதவீதம் கூடினாலே வோல்டேஜ் பத்து மடங்கைத் தாண்டும், சூடு 16 வாட்டுக்கு மேல். இந்த வகை டேப்பில் சூடு பக்கத்துக்குப் பரவுவதும் மெதுவாகத்தான். அந்த ஒரு இடம் மட்டும் வெந்துபோகும். சராசரியைச் சொல்லும் கேட்லாக்கை நான் நம்பமாட்டேன். மிகக் குறைந்த அளவு எந்த மீட்டரில், எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க நாம் பிசிக்ஸில் படித்த ஹால் எஃபெக்டே உதவுகிறது. டேப்பை ஒரு ரீலிலிருந்து இன்னொரு ரீலுக்கு நைட்ரஜன் வழியே ஓட்டி, ஒரு காந்தத்தைக் கடக்க வைக்கிறார்கள். டேப்புக்குள் சுழல் கரண்ட் உண்டாகிறது. ரெசிஸ்டன்ஸ் இல்லையே, காந்தத்தைத் தாண்டியும் அது ஓயாது! அந்தக் கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலத்தை, அகலவாக்கில் வரிசையாக வைத்த ஹால் சென்சார்கள் தொடாமலேயே படிக்கின்றன. நல்ல டேப்பில் புலம் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும், கூரை மாதிரி. குறை உள்ள இடத்தில் கூரை அமுங்கும். கூரையின் உயரத்திலிருந்து கிரிட்டிக்கல் கரண்டைக் கணக்கிட, சார்லஸ் பீன் 1962-ல் சொன்ன மாதிரி இருக்கிறது. டேப்பில் கீறல் இல்லை, சாலிடர் இல்லை, அப்படியே கேபிளுக்கு அனுப்பலாம்.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டெஸ்ட்டில் கரண்ட் உள்ளுக்குள்ளே சுற்றுகிறது, வேலையிலோ நீளவாக்கில் ஓடுகிறது. நீளவாக்கில் ஒரு விரிசல் இருந்தால் கூரை இரண்டாகப் பிளந்து பயங்கரமாகத் தெரியும். ஓடும் கரண்டுக்கோ அதனால் பெரிய நஷ்டமில்லை. ஏ.சி. இழப்பைக் குறைக்க வேண்டுமென்றே டேப்பை நீளவாக்கில் கோடு கோடாகப் பிரிப்பதும் உண்டு! அதனால் துண்டு ஒன்றை நாலு முனை முறையில் அளந்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்கிறார்கள்.

டேப் பாஸானாலும் இணைப்பு மிச்சம் இருக்கிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அது பவர் கேபிள் இல்லை, ஹீலியத்தில் குளிர்ந்த காந்த வரிசை. 2008 செப்டம்பர் 19 அன்று சுமார் 8,700 ஆம்பியர் ஓடும்போது இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஒரு இணைப்பு கெட்டது. அதில் இருந்த ரெசிஸ்டன்ஸ் 200 நானோ ஓம் அளவு என்று பிறகு கணித்தார்கள். பெருக்கிப் பார்த்தால் 15 வாட், நம் வீட்டுப் பழைய ஜீரோ வாட் பல்பு அளவு. அங்கே தொடங்கிய தீப்பொறி ஹீலியம் உறையைத் துளைத்தது. சுமார் 6 டன் ஹீலியம் போச்சு. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே தூக்கினார்கள். இயந்திரம் மறுபடி ஓடியது 2009 நவம்பரில்.