திருகோணமலையில் முதல் மூன்று நாட்கள்

புதியதோர் ஊருக்குச் செல்பவர் முதற் சில நாட்களிற் காண்பதே நெடுங்காலம் அவர் நெஞ்சில் நிற்கும். திருகோணமலைக்கு வருவோரிற் பலர் நேரே நிலாவெளிக் கடற்கரைக்குச் சென்று நீராடி, புறாத்தீவின் முருகைக்கற்களைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அது பிழையன்று. ஆனால், அவர்கள் கண்டது கடலையே, ஊரை அன்று. நகரின் புறத்தேயுள்ள அன்புவழிபுரத்தில் உறவினர் இல்லத்திலே தங்கி, ஆறுதலாக ஊர் பார்க்க விரும்பும் விருந்தினர் ஒருவர் எதனை முதலிற் காண வேண்டும்?

முதல் நாளைத் துறைமுகத்துக்கு ஒதுக்குவதே நன்று. ஏனெனில், இவ்வூரின் வரலாறு முழுவதற்கும் திறவுகோல் அந்த நீர்ப்பரப்பே. உட்துறைமுகக் கரையில் நிற்பவருக்கு அது மலைகள் சூழ்ந்த ஏரி போலத் தோன்றும். குன்றுகள் காற்றைத் தடுக்கின்றன. கரையை அண்டியும் நீர் ஆழமாக இருக்கின்றது. சென்னை, நாகப்பட்டினம் முதலிய சோழமண்டலக் கரைப் பட்டினங்களில் அக்காலத்துக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட வேண்டியிருந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுப் புயலாக மாறினால் அவற்றுக்கு அங்கே புகலிடம் இல்லை. வங்கக் கடலை ஆள விரும்பிய ஒவ்வொரு வல்லரசும் திருகோணமலையின் மேற் கண் வைத்ததற்குக் காரணம் இதுவே.

போர்த்துக்கேயரிடமிருந்து 1639-இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். 1782-ஆம் ஆண்டில் மட்டும் ஊர் இருமுறை கைமாறியது: சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தனர். பின்னர் மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்று, 1795-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் சப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. ஆங்கிலக் கடற்படை விடைபெற்றது 1957-இல். சீனக்குடாவில் நிற்கும் பெரிய எண்ணெய்க் குதங்கள் அந்தக் காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

துறைமுகத்தை அடுத்து விரிந்து கிடப்பது, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடா. புயலில் முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்ய 1660-இல் இக்குடாவுக்கு வந்த கப்பலில் ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் இருந்தார். கண்டி அரசனின் ஆட்கள் அவரைச் சிறைப்படுத்தினர். சில நாள் தங்க வந்தவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இலங்கையிலேயே கழித்தார். தப்பிச் சென்றபின், 1681-இல், இந்நாட்டைப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்டார்.

துறைமுகத்தைக் கண்டவருக்கு இரண்டாம் நாளில் கோணமாமலை தெளிவாகப் பொருள்படும். மலைக்குச் செல்லும் வழி, 1803-இல் பிரெடெரிக் எனப் பெயரிடப்பட்ட கோட்டையின் வாயிலூடாகவே செல்கின்றது. அந்த வாயிலில் சற்று நிற்க வேண்டும். பண்டைக் கோணேசர் ஆலயத்தைப் பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். வாயிற்கல்லிற் பொறித்த இணைக்கயல் அதற்குச் சான்றாக நிற்கின்றது. உள்ளே மர நிழல்களிற் புள்ளிமான்கள் மேய்கின்றன. அவற்றைக் கடந்து ஏறினால், இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவும், கீழே ஓயாது மோதும் கடலும், உச்சியிற் கோயிலும் தோன்றும்.

திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு வந்ததில்லை. இராமேசுவரத்திலிருந்தே இதனைப் பாடினார் என்பது பெரியபுராணச் செய்தி. கண்ணாற் காணாதவர் பாடிய கோயில், பின்னர்க் கண்ணுக்கே இல்லாது போயிற்று. எனினும் மக்கள் அந்தப் பாறையை விட்டு அகலவில்லை. 1950-இல், மலைக்கு அணித்தாகக் கிணறு தோண்டியபோது, மண்ணுள் மறைந்திருந்த சோமாஸ்கந்தர் முதலிய பழைய திருமேனிகள் வெளிப்பட்டன. திருப்பணி நிறைவுற்று, 1963-இற் குடமுழுக்கு நடைபெற்றது. கோட்டையை எழுப்பிய அரசுகள் சென்றுவிட்டன. மண்ணுள் இருந்த திருவுருவங்கள் மீண்டன.

மூன்றாம் நாள் கன்னியாவுக்கு உரியது. நகருக்கு வடமேற்கே உள்ள அவ்விடத்தில், ஆழமில்லாத ஏழு கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றின் சூடும் வேறுவேறு. நிலத்தின் ஆழத்திற் சூடேறிய நீர், பாறை வெடிப்புகளின் வழியே மேலெழுவதால் இவ்வெந்நீர் ஊறுகின்றது. இராவணன் தன் தாயின் இறுதிக் கடனுக்காக இவற்றை உண்டாக்கினான் என்பது ஐதிகம். இறந்தோருக்குரிய கடன்களை இங்கே ஆற்றும் வழக்கம் இவ்வட்டாரத்துச் சைவரிடையே உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர், தம் பக்கத்தில் ஒருவர் தாயை நினைந்து நீரிறைப்பதைக் கண்டால், குரலைத் தாழ்த்தி விலகி நிற்பதே பண்பு.

மூன்றாம் நாள் மாலை, அன்புவழிபுரத்து வீட்டின் திண்ணையில் அமர்ந்து விருந்தினர் கண்டவற்றை எண்ணிப் பார்க்கலாம். துறைமுகத்தின் ஆழத்தை நாடி வந்தவர்கள் பலர். அதற்கு விலை கொடுத்தவர்கள் ஊர் மக்கள். பாறையையும் ஊற்றையும் காத்து, இழந்ததை மீட்டு, இன்றும் இங்கே வாழ்பவர்களும் அவர்களே. இதனை உணர்ந்தபின் நான்காம் நாள் நிலாவெளிக்குச் செல்பவருக்கு அந்தக் கடல் முன்னிலும் அழகாகத் தோன்றும்.