ஓடுவதா? எறிவதா?



கால்பந்து என்றதும் காலால் உதைப்பதுதானே ஞாபகம் வரும்? ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்! பந்தும் உருண்டை கிடையாது. இரண்டு முனையும் கூராக இருக்கும்.

அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறணும். முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. எதிரணியின் கோட்டைப் பந்தோடு தாண்டினால் 6 புள்ளி.

ஒவ்வொரு வாய்ப்பிலும் ஒரே கேள்விதான். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவதா, தூரத்தில் இருக்கும் நம்ம ஆளுக்கு எறிவதா? ஓடினால் மூன்று, நாலு கெஜம் கிடைக்கும், ஆபத்து குறைவு. எறிந்தால் ஒரே வீச்சில் 30 கெஜம்கூடக் கிடைக்கலாம். ஆனால் பந்து கீழே விழுந்தால் வாய்ப்பு வீண். எதிரணி பிடித்துவிட்டால் பந்தே போச்சு!

முன்காலத்தில் முன்பக்கம் எறியவே கூடாது. கும்பலாக மோதி மோதியே விளையாடினார்கள். 1905இல் பலர் அடிபட்டு இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 1906இல் எறியலாம் என்று விதி வந்தது. அன்றிலிருந்து இந்தச் சண்டையும் வந்தது!

இதில் பெரிய சண்டை 2015 பிப்ரவரி 1இல் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. இன்னும் 26 வினாடிதான். சியாட்டிலிடம் பந்து. கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம்! மூன்று வாய்ப்பு மீதி. மார்ஷான் லிஞ்ச் என்ற பலசாலி அதற்கு முந்தைய வாய்ப்பில்தான் 4 கெஜம் ஓடியிருந்தார். எல்லாரும் அவர்தான் ஓடுவார் என்று நினைத்தார்கள். ஆனால் ரஸ்ஸல் வில்சன் எறிந்தார். எதிரணியின் மால்கம் பட்லர் பாய்ந்து பிடித்தார். அவருக்கு அது முதல் வருஷம்! சியாட்டில் தோற்றது. பயிற்சியாளர் பீட் கேரலை எல்லாரும் திட்டினார்கள்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஓடுகிறவரை மைதானத்துக்குள் மடக்கினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து கீழே விழுந்தால் கடிகாரம் நிற்கும். சியாட்டிலிடம் ஒரே ஒரு டைம் அவுட்தான் இருந்தது. மூன்று தடவையும் ஓடினால் நேரம் போதாமல் போகலாம். நடுவில் ஒரு தடவை எறிந்தால் மூன்று வாய்ப்பும் கிடைக்கும்.

அப்போ யார் சரி? என் கருத்து, எறிந்தது தப்பில்லை. ஆள் நெருக்கமான நடுப்பகுதியில் எறிந்ததுதான் தப்பு. ஓரமாக எறிந்திருந்தால் நம்ம ஆள் பிடிப்பார், இல்லாவிட்டால் பந்து வெளியே விழும்.

பட்லர் பிடிக்காமல் விட்டிருந்தால் கேரலை யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். தோற்றுவிட்டால் மட்டும் யோசித்தவரை முட்டாள் என்கிறோமே, அது நியாயமா?

நீங்க பயிற்சியாளராக இருந்தால் என்ன சொல்வீங்க? கீழே ஒட்டியுள்ள வெள்ளைத்தாளில் எழுதுங்க. காரணமும் எழுதணும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி